மூன்று லேஞ்சி வைத்திருந்தவர்

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி தாயில்லாமல் என்னிடம் வந்த தங்கையின் மகள். ஐந்து பேரும் இந்த மொன்றியலில் படித்தார்கள். ஐந்து பேரும் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து செய்கிற வேலையில் இருக்கிறார்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் சொல்லப்போகிற மனிதர் இதை ஒரு நாளும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். என் கடைசி மகள் வதனியின் மாமனார். காலமாகிவிட்டார். மாமனார் பெயரை மருமகள்தான் சொல்லக்கூடாது, நான் சொல்லலாம். ஆனாலும் அந்தப் பெயர் என் வாயில் வர எனக்கு விருப்பமில்லை.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்கள். "சுத்தமான மனுசன்." அவரிடம் எந்த நேரமும் மூன்று லேஞ்சி இருக்கும். கைக்குட்டையை நாங்கள் லேஞ்சி என்போம். சேட்டின் மேல்பையில் இருப்பது முகம் துடைக்க. காற்சட்டையின் வலது பையில் இருப்பது கதவுப் பிடிகளுக்கும் மெட்ரோவில் பிடிக்கிற கம்பிகளுக்கும். இடது பையில் இருப்பது கொஞ்சம் பெரிது, விரித்துவிட்டு மேலே இருப்பதற்கு. பஸ்ஸில் விரிப்பார், டொக்டரிடம் போனால் விரிப்பார், என் வீட்டிலும் விரித்தார்.

கலியாணப் பேச்சுக்கு வந்த அன்று கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டுச் சோபாவில் அதை விரித்தார். நாலு மூலையையும் இழுத்துச் சரிபார்த்துவிட்டு மெல்ல இருந்தார். மகனோடு வந்திருந்தார். மனைவி அதற்கு முன்னமே காலமாகிவிட்டா. மகனும் என் மகளும் யுனிவர்சிற்றியில் ஒன்றாகப் படித்தவர்கள், தாங்களே விரும்பியவர்கள். அதனால் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்," என்று மகனைப் பார்த்துச் சொன்னார். மகன் அதற்குள் பாதிக் கோப்பை குடித்துவிட்டிருந்தார்.

பிறகு வதனியிடம் கேட்டார்: "அம்மா எங்கை வேலை, பிள்ளை?"

நான் முன்னாலேதான் இருந்தேன். "ஆஸ்பத்திரியிலை," என்றேன்.

"நேர்ஸோ?" அதையும் வதனியிடம்தான் கேட்டார்.

"இல்லை. கிளீனிங்," என்றேன். குரலைக் குறைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் செய்த வேலை. என் தளத்தில் ஒரு மூலை கறுத்திருந்தது என்று எவரும் சொன்னதில்லை.

சோபாவின் கைப்பிடியில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் நான் கண்டேன்.

ஊரில் அவர்களுடைய வீட்டு வளவுக்கும் எங்களுடைய வளவுக்கும் நடுவே இரண்டு ஒழுங்கை தூரம்தான். தேடினால் ஏதோ ஒரு வழியில் சொந்தமும் வரும். ஆகவே சாதி, ஊர் என்று வேறு ஒன்றைச் சொல்லி மறுக்க அவருக்கு இடமில்லை. இங்கே வந்து நிலம் துடைக்க நான் பிடித்த மொப்தான் அவருக்கு இடித்தது. கலியாணம் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னை முறை சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அக்கா என்று இல்லை, சம்மந்தி என்று இல்லை, இஞ்சேருங்கோ என்றுகூட இல்லை. பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன், அவர் என் மகளிடம் கேட்பார்: "அவ சாப்பிட்டாவோ?" மகள் என்னைப் பார்ப்பாள். நான் அவரைப் பார்த்து, "சாப்பிட்டன்," என்பேன். அவர் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இப்படியே கதைத்தோம்.

ஏன் பொறுத்தாய் என்று கேட்பீர்கள். என் பிள்ளை அவருடைய வீட்டில் அல்லவா இருந்தாள்? அஹுன்ட்சிக்கில் மகனும் மருமகளும் வாங்கிய வீடு, ஆனால் அவர் அதில் கால் வைத்த நாளிலிருந்து அது அவருடைய வீடாகிவிட்டது.

அந்த வீட்டில் நான் தங்கியிருந்த ஒரு காலை நேரம். அவர் குளித்து, சேட்டுப் போட்டு, மூன்று லேஞ்சியையும் மடித்து வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். நான் அந்தக் குளியலறைக்குப் போனேன். கைகழுவுகிற பேசினில் துப்பிய பற்பசை அப்படியே காய்ந்து கிடந்தது. அதன் மேலே வெட்டிய மீசை மயிர், சவர்க்காரத்தில் ஒட்டிய நரை மயிர், ஓரத்தில் பிறைபிறையாகக் கால் நகம். மற்றதை எழுத மாட்டேன். எத்தனையோ நோயாளிகளின் அறைகளைத் துடைத்தவள் நான். எழும்ப முடியாதவர்கள், நினைவில்லாமல் கிடந்தவர்கள். அங்கே எனக்கு ஒரு நாளும் அருவருத்ததில்லை. அன்றைக்கு அருவருத்தது. ஒருவர் சுத்தமா இல்லையா என்று அவருடைய சேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடாது. அவர் எழும்பிப் போன இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் நிற்கும்போதே வதனி ஒரு துணியோடு வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். பேசினைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஒவ்வொரு நாளுமோ?" என்றேன்.

"விடுங்கோ அம்மா. ரெண்டு நிமிச வேலை."

அவள் கைகளைப் பார்த்தேன். இந்தக் கை மற்றவர்களின் அசிங்கத்தைத் தொடக்கூடாது என்றுதான் நான் இருபத்திரண்டு வருடம் தொட்டேன். எனக்கு வேறொரு ஆசையும் இருக்கவில்லை. வீடு வாங்க ஆசைப்படவில்லை, நகை வாங்க ஆசைப்படவில்லை. இது ஒன்றுதான். அந்தத் துணியை அவள் கையிலிருந்து பறித்து நானே துடைத்தேன். அடுத்த நாள் அவள்தான் துடைத்திருப்பாள், தெரியும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேத்தி ஆரணியில் அவருக்கு உயிர். சின்னத் தோடம்பழம் உரித்தால், ஒவ்வொரு சுளையிலும் உள்ள வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடி போல ஆக்கித்தான் அவளுடைய வாயில் வைப்பார். அரைமணித்தியாலம் எடுக்கும். எடுத்த நாரைக் கதிரைக்குக் கீழே போடுவார். அதுவும் அவர்தான்.

இனி ட்ரெய்லர் கதைக்கு வருகிறேன். மருமகன் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஏரிக்கரைகளில் கூடாரம் அடித்துத் தங்கிப் பழகியவர். கோடை வந்தால் அவருக்கு வீட்டில் கால் தரிக்காது. ஒரு வருடம் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ்தான். நம்ம ஆள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். முகத்து லேஞ்சியை மூக்கில் வைத்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தவர், பின்னேரம் வரைக்கும் அசையவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது.

"அப்பா, என்ன செய்யுது?" என்றார் மருமகன்.

"என்னை வீட்டை கொண்டுபோய் விடு."

"சுகமில்லையோ?"

"சுகத்துக்கு ஒண்டும் இல்லை. போய்ட்டு வருவம்."

ஒன்றேகால் மணித்தியாலம் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு அஹுன்ட்சிக் வீட்டுக்குப் போய், அவர் காரியம் முடிந்ததும் ஒன்றேகால் மணித்தியாலம் திரும்பி வந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு மனிதர் கக்கூசுக்குப் போய்வர இரண்டு நாளில் ஐந்து மணித்தியாலம் பெருந்தெருவில் ஓடிய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சிரிக்கலாம்தான். ஆனால் வண்டியை ஓடியது மருமகன். தகப்பன் பக்கத்தில் இருந்து நித்திரை கொண்டார்.

அதற்குப் பிறகுதான், வானுக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற ட்ரெய்லர் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு சனிக்கிழமை எல்லோரும் பார்க்கப் போனோம். என்னையும் வதனி கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய வளவு நிறைய வெள்ளை வெள்ளையாக ட்ரெய்லர்கள் நின்றன. விற்பவர் வயதான கியூபெக் மனிதர். மருமகனின் வானைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பின்னால் கொளுவுகிற இடத்தைப் பார்த்தார். பிறகு எங்களைச் சின்னதாக ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பெட்டி. நடுவில் அடுப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு கதவு. சம்மந்தி வலது பை லேஞ்சியால் கதவைத் திறந்தார். கக்கூஸ்.

"அடுப்புக்குப் பக்கத்திலை கக்கூஸோ? இதுக்குள்ளை மனுசர் சமைச்சுச் சாப்பிடுறதோ?"

"கதவு இருக்குத்தானே அப்பா."

"சாமிப்படத்தை எங்கை வைப்பாய்? கக்கூசுக்கு மேலையோ?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லைதான். அவர் தானாகவே நடந்து போய் நீளமான ஒன்றில் ஏறினார். முன்பக்கம் கட்டில், நடுவில் சமைக்கிற குசினி, கக்கூஸ் கடைசியில், பின்சுவரோடு ஒட்டி இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"இதெல்லோ வீடு! கோடியிலை இருக்கு. ஊரிலை மாதிரி."

ஊரில் கக்கூஸ் வளவின் கோடியில்தான் இருக்கும். கிணறு ஒரு பக்கம், அது மறுபக்கம். அது சரி. ஆனால் ஊரில் வளவுக்கு வண்டிச் சில்லுப் பூட்டி, அறுபது மைல் வேகத்தில் எவரும் இழுத்துக்கொண்டு போவதில்லை.

விற்பவர் மருமகனோடு பிரெஞ்சில் கனநேரம் கதைத்தார். கையைப் பின்பக்கம் காட்டிக் காட்டிச் சொன்னார். மருமகன் எங்களுக்குச் சொன்னார்: "இந்த வானுக்கு இது கூடவாம் அப்பா. கக்கூஸ் கழிவு சேருற தாங்கியும் பின்னுக்குத்தான் இருக்காம். அது நிரம்பினபடி ஓடினால் பின்பக்கம் பாரமாகி வானை ஆட்டுமாம். ஒவ்வொருக்காலும் வெளிக்கிட முதல் ஊத்திப்போட்டுத்தான் ஓடவேணுமாம்."

"அவன் விக்கிறவன். அப்பிடித்தான் சொல்லுவான்."

விற்கிறவன் ஒருவன் விலை கூடினதை வாங்காதே என்று சொல்கிறான். அதைக்கூட அவர் யோசிக்கவில்லை.

நான் கேட்டேன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது இந்தக் கேள்வி மட்டும்தான். "அந்தத் தாங்கியை ஆர் ஊத்திறது?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வதனியிடம் சொன்னார்: "அதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கும் பிள்ளை."

"நான் ஊத்துவன் மாமி," என்றார் மருமகன். நல்ல பிள்ளை. தகப்பனுக்கு முன்னால் முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் வளையும்.

அந்த நீளமானதைத்தான் வாங்கினார்கள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதோடு ஏரிக்கரைக்குப் போனோம். போகும்போது ஒரு பிழையும் இல்லை. தாங்கி வெறுமையாக இருந்தது, ட்ரெய்லர் பின்னால் சொன்னபடி வந்தது. போய் இறங்கியதும் அவர் ஒரு சட்டம் போட்டார்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பொதுக் கக்கூஸ் பக்கம் போகக்கூடாது. கண்ட கண்டதுகள் இருந்த இடம்."

நான் போனேன். தொழில் தெரிந்தவளின் கண்ணால் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது, கதவின் கீழ்ப்பக்கம்கூடத் துடைத்திருந்தது, குழாயடியில் உப்புப் பிடிக்கவில்லை. வாசலில் மொப்போடு ஒரு இளம்பெண் நின்றாள். "பொன்ஜூர், மெர்சி," என்றேன். எனக்கு வருகிற பிரெஞ்சு அவ்வளவுதான். அவள் சிரித்தாள்.

மற்றவர்கள் எல்லோரும் ட்ரெய்லரையே பாவித்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் கடதாசி போதாது, தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு வாளி. சம்மந்தி இரண்டு நேரம் குளித்தார், வெளியே போய்வரும் ஒவ்வொரு முறையும் கால் கழுவினார், மூன்று லேஞ்சியையும் மூன்று தரம் தோய்த்தார். தாங்கி நிரம்பினால் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இரண்டாம் நாள் மத்தியானமே எரிந்தது. வெயில் வேறு. கட்டிலில் படுத்தால் அந்த மணம் வந்து தலையணையில் இருந்தது. அவர் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆரோ சரியாத் தண்ணி ஊத்தேல்லை."

ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டோம். வாசலுக்குக் கிட்ட, தாங்கிகளை ஊற்றுவதற்கென்று ஒரு இடம். நிலத்தில் மூடி போட்ட துவாரம், பக்கத்தில் கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாய். ஐந்தாறு ட்ரெய்லர் வரிசையில் நின்றன. அதில் ஒன்று தமிழ்க் குடும்பம், பார்க் எக்ஸ்டென்ஷனில் கடை வைத்திருப்பவர்கள். கை காட்டினார்கள்.

மருமகன் வரிசையில் சேரத் திருப்பினார். சம்மந்தி கையை நீட்டித் தடுத்தார்.

"சனம் பாக்குது. எஞ்சினியர் ஒருத்தன் பீக்குழாய் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ? வானை ஓடு. வீட்டை போய்ப் பாப்பம்."

"வீட்டிலை ஊத்த இடம் இல்லை அப்பா. வித்தவர் சொன்னவரெல்லோ, நிரம்பினபடி ஓடக்கூடாதெண்டு."

"ஓடு எண்டுறன்."

ஓடினார்.

பெருந்தெருவில் ஏறிப் பத்து நிமிடம் இராது. ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சரிந்து, வானின் பின்பக்கத்தை இடது கைப்பக்கம் இழுத்தது. மருமகன் திருப்பினார். இப்போது வலது பக்கம் இழுத்தது, முன்னதைவிடக் கூட. கயிறறுத்த மாடு மாதிரி அது எங்களை இழுத்தது, நாங்கள் அதை இழுக்கவில்லை. ஆரணி கத்தினாள். எட்டு வயது அப்போது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். மருமகன் பிரேக்கை அழுத்தாமல் காலை மட்டும் எடுத்தார். அதனால்தான் இன்றைக்கு இருக்கிறோம். மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓரத்தில் போய் நின்றது.

முன்னாலிருந்த சம்மந்தி மேல்பை லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"றோட்டுச் சரியில்லை," என்றார்.

மருமகன் இறங்கிப் போய் கொளுவியிருந்த இடத்தைப் பார்த்தார். அவசரத்தில் ஏதோ ஒரு இரும்புப் பிடியைச் சுற்றினார், அது வழுக்கித் திருப்பி அடித்தது. மணிக்கட்டு அப்போதே வீங்கிவிட்டது. லொறிக்காரர் ஒருவர் நிறுத்திவிட்டு வந்து, குனிந்து பார்த்து, வளவில் விற்றவர் சொன்னதையே சொன்னார். பின்பக்கம் பாரம், திரும்பிப் போய் ஊற்றிவிட்டு ஓடுங்கள் என்று.

வதனி ஓட்டுகிற இருக்கைக்கு வந்தாள். அடுத்த வெளிவழியில் இறங்கி, சின்ன றோட்டால், சைக்கிள்காரனும் முந்திப் போகிற வேகத்தில் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினாள். வரிசை குறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கவனமாகப் பார்த்தேன். ஒரு வேலையை ஒரு தரம் பார்த்தால் எனக்குப் போதும். தடித்த குழாயை ட்ரெய்லரின் கீழ்வாயில் வைத்தார். வைத்துவிட்டு, முறுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் பிடியை இழுத்துத் திறந்தார். எங்களுடைய முறை வந்தது. எங்களுக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

வதனி கதவைத் திறந்தாள். நான் பின்னாலிருந்து அவளுடைய தோளைப் பிடித்தேன். "நீ இறங்காதை."

"ஆரம்மா செய்யிறது? அவருக்குக் கை ஏலாது."

"நான் ஒரு கையாலை செய்யிறன்," என்றார் மருமகன்.

அப்போதுதான் சம்மந்தி சொன்னார். சாதாரணமாக, உப்பை எடு என்பது போலச் சொன்னார். "நீ ஏன் பிள்ளை இறங்கிறாய்? அவவைச் சொல்லு. அவவுக்குப் பழகின வேலைதானே."

"அப்பா!" என்றார் மருமகன்.

நான் இறங்கினேன். வேலை விட்ட பிறகும் என் கைப்பையில் ஒரு சோடி ரப்பர் கையுறை இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அவருடைய கதவடியில் நின்றேன். அவரும் இறங்கினார். நிழலில் நிற்கலாம் என்று நினைத்திருப்பார்.

"செய்யிறன்," என்றேன். "இருவத்திரண்டு வரியம் செய்த வேலை, எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. ஆனால் நீங்கள் என்னட்டைக் கேளுங்கோ. மகளிட்டைச் சொல்லாதேங்கோ. முறை சொல்லிக் கேளுங்கோ. அக்கா எண்டாலும் சரி, சம்மந்தி எண்டாலும் சரி. ஒருக்காச் சொல்லிக் கேளுங்கோ, இப்பவே செய்யிறன்."

அவர் வதனியைப் பார்த்தார். "இவ என்ன பிள்ளை சொல்லுறா?"

"மாமா, அம்மா உங்களோடைதான் கதைக்கிறா," என்றாள்.

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். சம்மந்தியின் வாய் திறந்தது. சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம், முருகா, சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தேன். வாய் மூடிக்கொண்டது. வலது பை லேஞ்சியை எடுத்தார். அதைக் கையில் விரித்து, கையை என் பக்கம் நீட்டினார். கையுறைக்கு. நான் தொட்ட கையுறையை லேஞ்சியால்தான் வாங்கினார்.

வாழ்நாளில் ஒரு கோப்பை கழுவாத மனிதர். மூன்று நாள் மலம் அவருக்கு என்னை அக்கா என்று கூப்பிடுவதைவிடச் சுத்தமாகத் தெரிந்தது.

குனிந்தார். குழாயைத் தூக்கினார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கீழ்வாயில் வைத்தார். தள்ளினார். முறுக்கவில்லை. 'டக்' என்ற சத்தம் வரவில்லை. குழாயின் வளையம் ஒரு பக்கம் வெளியே நிற்பதை நான் கண்டேன். நாலடி தூரத்தில் நின்றேன். முறுக்குங்கோ என்று சொன்னால் போதும். எனக்கு வாயும் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் பிடியைத் தேடினார், வேறொன்றை இழுத்துப் பார்த்தார், பிறகு சரியான பிடியில் கையை வைத்தார். அவ்வளவு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

இழுத்தார்.

அதை விவரிக்க மாட்டேன். நெஞ்சு, கழுத்து, காது. சேட்டின் மேல்பையில் இருந்த லேஞ்சி. வரிசையில் நின்றவர்கள் ஓ என்றார்கள், ஒரு பெண் பிள்ளைகளைத் திருப்பிப் பிடித்தாள். அவர் பிடியை விடவும் இல்லை, தள்ளி மூடவும் இல்லை, அப்படியே நின்றார்.

வதனி பாய்ந்து இறங்கினாள். வெறுங்கையால் பிடியைத் தள்ளி மூடினாள். தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அவருடைய தலையிலிருந்து விட்டாள். கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காதுக்குள், கழுத்து மடிப்பில், விரல்களுக்கு நடுவில். "கண்ணைத் திறவாதேங்கோ மாமா. வாயை மூடுங்கோ. இன்னும் கொஞ்சம்." அவருக்குப் பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கியது. கழுவி முடித்து ஒரு போர்வையைச் சுற்றி அவரை இருத்திவிட்டு, தான் திரும்பிப் போனாள். குழாயை எடுத்து வைத்தாள். முறுக்கினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முழுத் தாங்கியையும் அவளே ஊற்றி, நிலத்தையும் கழுவி, மூடியை மூடினாள். என்னைக் கிட்ட வர விடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கையைத் தூரப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நீங்கள் கண்டனீங்கள்தானே?"

நான் பேசவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பனி கொட்டத் தொடங்க முதல் ட்ரெய்லரை விற்றார்கள். அவர் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். திருந்தினார் என்று எழுதினால் அது பொய். புது லேஞ்சி வாங்கினார். பேசின் அப்படியேதான் கிடந்தது. என்னை "அவ" என்றுதான் சொன்னார். சாகும் வரைக்கும் அந்த ஒரு சொல்லை எனக்குத் தரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருக்கிறது. அவருக்காக நான் அழவில்லை, அழப் போவதுமில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பேர். அவர் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என் மகளின் கை அதில் பட்டிருக்காது. நான் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தாலும் பட்டிருக்காது. அவருக்கு என் மகள் யார்? மருமகள். எனக்கு அவள் பெற்ற பிள்ளை. அவர் நனைந்து நிற்பதைப் பார்க்கும் ஆசைக்கு, இருபத்திரண்டு வருடம் நான் காப்பாற்றி வைத்திருந்த கையைக் கொடுத்துவிட்டேன். அவரை நினைத்து அருவருக்கும் போதெல்லாம் அதில் ஒரு பங்கு என் மேலும் விழுகிறது. அதைத் துடைக்கிற துணி என்னிடம் இல்லை.

வதனி அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சமைப்பாள், என் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பாள். அந்தக் கேள்வி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு வருடமாகக் கிடக்கிறது.

ஓம், பிள்ளை. கண்டனான். முறுக்காததைக் கண்டும் பேசாமல் நின்றனான்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். ஆரணிக்கு இப்போது பதினாலு. சனிக்கிழமை வகுப்பில் தமிழ் வாசிக்கப் பழகியிருக்கிறாள். குழாய் வெடித்ததால்தான் அப்பப்பா நனைந்தார் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, எழுதி முடித்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முடிஞ்சுது, குஞ்சு. இந்தா, முதலிலை இருந்து வாசி. அப்பப்பாவைப் பற்றி எண்டு ஒண்டையும் விட்டிட்டு வாசியாதை. அம்மம்மாவைப் பற்றி வாற இடத்தையும் விடாதை. கொஞ்சம் உரத்து வாசி. அம்மா குசினியிலை நிக்கிறா.